பள்ளத்தைப் பார்த்து நிறுத்திய ஜீப்

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் வளைவுகளை எண்ணுவார்கள், அருவியில் குளிப்பார்கள், அன்னாசிப்பழம் வாங்குவார்கள். இங்கே வண்டிகள் எப்படி நிற்கின்றன என்று யாரும் கவனிப்பதில்லை. செம்மேட்டு பஸ் ஸ்டாண்டை விட்டு எந்தப் பக்கம் போனாலும் பாருங்கள். ஜீப், வேன், சரக்கு ஆட்டோ எல்லாம் மூக்கைப் பள்ளத்துக்குக் காட்டித்தான் நிற்கும். முன் சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்திருக்கும். சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார் இருக்கிறதே, அதை நாங்கள் செல்ஃப் என்போம். செல்ஃப் எடுக்காவிட்டால் கல்லைத் தள்ளிவிட்டு வண்டியை உருட்டி, கொஞ்சம் வேகம் பிடித்ததும் கியரில் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இப்போது வருகிற சில வண்டிகளில் கிளட்சே கிடையாது, உருட்டி எடுக்கவே முடியாது. அவற்றையும் எங்கள் ஆட்கள் பள்ளத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள். அவ்வளவு ஊறிப்போன பழக்கம்.

நானும் போன மாதம் வரை அப்படித்தான் நிறுத்தினேன். ராசிபுரம் பக்கத்திலிருந்து வேலைக்காக மலை ஏறியவன் நான். சுகாதாரத் துறை ஜீப்பை இருபத்தாறு வருடம் இங்கே ஓட்டி, ஓய்வு பெற்று, இங்கேயே வீடு கட்டிக்கொண்டேன். இப்போது ஒரு பழைய கார் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதில் செல்லையனை ஏற்றிக்கொண்டு செம்மேட்டுக்குப் போய்வருவேன்.

செல்லையன் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் அன்னாசி நறுக்கி, உப்பு மிளகாய்ப்பொடி தூவி விற்கிறவர். படகு ஏற வருகிற கூட்டம்தான் அவருக்கு வியாபாரம். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலியில்தான் எல்லாம். உட்கார்ந்தே இருப்பதால் வருகிற புண்ணுக்கு மாதம் ஒருமுறை டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம். இதனால் எனக்கு ஊரில் நல்ல பெயர். "நம்ம டிரைவரு புண்ணியவானுங்க" என்று என் காதுபடவே சொல்வார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வேன். அந்தப் பெயர் எனக்குச் சேராது என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் நடக்க முடியாமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, அவரை முன் சீட்டில் உட்கார வைத்து சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு முறை திருப்பினேன், அதே டக். வண்டி வழக்கம்போல் சரிவில் நின்றது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாக ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டது. கார் உருளத் தொடங்கியதும் பக்கத்தில் பார்த்தேன். செல்லையன் இரண்டு கையாலும் டாஷ்போர்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் கிளட்சை விட்டேன், எஞ்சின் பிடித்தது, அவரை வாசலூர்பட்டியில் இறக்கிவிட்டேன். மறுநாளே அந்தக் காருக்குச் செல்ஃப் மாற்றியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அறுபது தாண்டிய ஆள் காருக்கு அடியில் படுப்பதா என்று அவளுக்குக் கவலை.

"ஏனுங்க, ஊட்டுக்கு முன்னால இத்தன சரிவு கெடக்குது. உருட்டி உட்டா எடுத்துக்குது. இதுக்குப் போயி முதுகெலும்பப் புண்ணாக்கிக்கணுமா?" என்றாள்.

முதுகெலும்பு என்ற சொல்லை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவளுக்கு அந்த விஷயமே தெரியாது. நான் வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டு டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் செல்ஃபைக் கழற்றுகிறவன் அரைகுறை. பத்தில் பாதி பேட்டரி கோளாறாகவே இருக்கும். முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், பேட்டரி பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளை உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். அதே டக். அடுத்து முன் விளக்கைப் போட்டுவிட்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். திருப்பும்போது விளக்கு மங்கி அணையப் பார்த்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, இல்லை மோட்டார் எங்கோ இறுகிக் கிடக்கிறது. இங்கே விளக்கு துளிகூட மங்கவில்லை. கரண்ட் வாசல் வரை வந்து உள்ளே போகாமல் நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் ஓடும் எர்த் ஒயரைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. சாவியிலிருந்து செல்ஃபுக்கு வரும் சின்ன ஒயரிலும், பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரிலும் மீட்டர் சரியாகவே காட்டியது. கடைசியாக, ஸ்பேனரின் கைப்பிடியால் செல்ஃபின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இப்பத் திருப்பு" என்றேன். கிர்ரென்று சுற்றி எஞ்சின் எடுத்துவிட்டது.

மனைவிக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா, சரியாப் போச்சு" என்றாள்.

நான் சாவியை வாங்கி எஞ்சினை அணைத்தேன். தட்டினால் எடுக்கிற செல்ஃப் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். உள்ளே சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டை ஊட்டுகிற கார்பன் துண்டுகள் தேய்ந்துவிட்டன. தட்டும்போது ஒரு நொடி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இன்று எடுக்கும், நாளை எடுக்கும், தேவைப்படுகிற நாளில் எடுக்காது. இதே தட்டலை நான் எட்டு மாதம் ஒரு அரசாங்க ஜீப்புக்குத் தட்டியிருக்கிறேன்.

நான் டிரைவர் ஆன கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நாமக்கல்லில் லாரி கிளீனர், பிறகு லாரி டிரைவர், பஞ்சர் ஒட்டுவது முதல் டைனமோ கட்டுவது வரை ரோட்டோரத்திலேயே படித்தது, பிறகு அரசாங்க வேலை. மலையில் எனக்கு முன்னால் இருந்த டிரைவர் சாவியைக் கொடுக்கும்போது, மூக்கைப் பள்ளத்துக்குக் காட்டி நிறுத்து என்று ஒரே வாக்கியத்தில் மலையை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அது எனக்கு அருள்வாக்கு மாதிரி பலித்தது. ஒருமுறை பைல் நாடு என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு பிரசவக் கேஸ். ஒரு வாரம் விடாத மழை, பேட்டரி செத்துக் கிடந்தது. ஜீப்பைச் சரிவில் நிறுத்தியிருந்ததால் உருட்டி எடுத்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தேன். தாயும் பிள்ளையும் நலம். அந்த ஊர்க்காரர்கள் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து ஜீப்பில் வைத்தார்கள். அன்று முதல் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சரிவு இருக்கிறபோது செல்ஃப் எதற்கு என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குப் போய்விட்டேன்.

சில வருடம் கழித்து எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார்கள். நாகர்கோவில் பக்கம், கிறிஸ்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தி ஒரு நாள் பேசிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு குடையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்துபோய் முந்தைய வாரம் பார்த்த நோயாளிகளை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். யாரையும் திட்ட மாட்டார்கள். தப்பு செய்தால் அந்தத் தப்பை நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, "சரி, இனிமே பாத்துக்கிடுவோம்" என்பார்கள். திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

ஜீப்புக்கு ஒரு பதிவேடு உண்டு. தினமும் காலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, டீசல் எவ்வளவு என்று நான் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் 'வண்டியின் நிலை' என்று இருக்கும். அதில் 'நன்று' என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டுவேன். டாக்டரம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு நாளும் தவறியதில்லை.

"வண்டி நல்லா இருக்காண்ணே?"

"நல்லா இருக்குதுங்கம்மா."

அதன் பிறகுதான் கையெழுத்து. செல்ஃப் தேய ஆரம்பித்த பிறகும் எட்டு மாதம் இதே கேள்வி, இதே பதில், இதே 'நன்று'.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமான காரணம் வைத்திருந்தேன். பழுது என்று எழுதினால் ஜீப்பைக் கீழே சமவெளிக்கு, அரசாங்கப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வரிசையில் நிற்க வேண்டும். வண்டி திரும்ப இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகும், அதுவரை மலைக்கு ஜீப் கிடையாது. டிரைவர் தானாகக் கழற்றி வேலை பார்க்கக் கூடாது என்பதும் விதி. இதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் ஏதாவது வழி பண்ணியிருப்பார்கள். ஒரு நாள் அனுமதி வாங்கித் தந்திருப்பார்கள், நானே கார்பன் மாற்றியிருப்பேன். அந்த வேலை எனக்கு லாரிக் காலத்திலேயே தெரியும். கௌரவமான காரணத்துக்கு அடியில் இருந்த நிஜக் காரணம் என் கெட்டிக்காரத்தனம்தான். எட்டு மாதம் செல்ஃப் இல்லாமல் ஒரு நாள்கூட வண்டி நிற்காமல் ஓட்டினேன் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி இருந்தது.

தை மாதம், மிளகு பறிக்கிற பருவம். வாசலூர்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட டாக்டரம்மாவை அழைத்துப் போயிருந்தேன். இங்கே மிளகுக்கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றி விட்டிருப்பார்கள். ஒற்றை மூங்கிலில் கணுக்களைப் படியாக விட்டு, அதை மரத்தில் சாத்தி ஏறிப் பறிப்பார்கள். பனியில் மூங்கில் வழுக்கும். பதினோரு மணி இருக்கும், ஒருவர் ஓடிவந்து, செல்லையன் மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்றார். அப்போது செல்லையனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

டாக்டரம்மா போட்டது போட்டபடி கிளம்பினார்கள். அவர்கள் தோட்டத்தை அடைவதற்குள் நாலு பேர் ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் செல்லையனைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டார்கள். நான் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். அவரைத் தூக்கிவந்த கதவு குட்டை, அவர் உயரம். முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கியது. வழியில் ஓர் ஓடையைத் தாண்டியிருக்கிறார்கள், குதிகால் இரண்டும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. கதவை ஜீப்பின் தரையில் நீளவாக்கில் இறக்கினோம். டாக்டரம்மா தலைக்கு இரு பக்கமும் சேலையைச் சுருட்டி வைத்து, முழந்தாளிட்டு உட்கார்ந்து, அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

"முதுகுல அடிண்ணே. ஒரு குலுக்கலும் கூடாது. பூ மாதிரி எடுங்க" என்றார்கள்.

ஜீப் எப்படி நின்றது தெரியுமா? ஆஸ்பத்திரி இருந்த பக்கம் மேடு. நான் வழக்கம்போல் மூக்கைப் பள்ளத்துக்குக் காட்டி நிறுத்தியிருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். டக். மறுபடி டக். இறங்கி ஓடிப்போய் பானெட்டைத் தூக்கி, செல்ஃபில் தட்டிவிட்டு வந்தேன். டக். இன்னும் பலமாகத் தட்டினேன். எத்தனை முறை தட்டினேன் என்று நினைவில்லை. டாக்டரம்மா பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செல்ஃப் இல்லீங்கம்மா. உருட்டித்தான் எடுக்கணும்" என்றேன்.

"எத்தன நாளா?"

நான் பானெட்டை மூடப் போனேன். அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த ஊரில் வேறு வண்டி கிடையாது, பஸ் சாயங்காலம்தான். "முடிஞ்ச வரைக்கும் மெதுவாண்ணே" என்று மட்டும் சொன்னார்கள். ஆட்களைப் பார்த்து, கதவை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

உருட்டி எடுக்கும்போது இரண்டாவது கியரில் போட்டால் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் வண்டி தூக்கிப்போடும். மூன்றாவதில் அதிர்ச்சி குறைவு, ஆனால் எஞ்சின் பிடிக்காமல் போகலாம். நான் கல்லைத் தள்ளிவிட்டு உருட்டி, மூன்றாவதில் போட்டு, கிளட்சை நூல் பிடித்த மாதிரி விட்டேன். பனியில் குளிர்ந்து கிடந்த எஞ்சின், நடுங்கிவிட்டு அணைந்தது. சரிவு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு சமதரை. அங்கே போய் நின்றுவிட்டால் அவ்வளவுதான். இரண்டாவது கியரில் போட்டு விட்டேன்.

ஜீப் ஒரு உதறு உதறி எடுத்தது. பின்னாலிருந்து ஒரு அலறல் வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை.

கீழே திருப்ப இடம் தேடித் திருப்பி, மேடேறி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். டாக்டரம்மா ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, கடிதம் எழுதி முடிக்கும் வரை நான் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி உருட்ட வேண்டுமே. அங்கே கதவிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போதுதான் செல்லையன் வாய் திறந்தார். கூட வந்திருந்த தன் மனைவியைப் பார்த்து, "எங்காலு ரெண்டும் இதுலதான் இருக்குதா புள்ள?" என்று கேட்டார். எழுபது வளைவும் இறங்கி அவரைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிற வரை அந்தக் கேள்வி என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மலைக்குத் திரும்பியதும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். விபத்து நடந்த தேதியில் 'செல்ஃப் பழுது' என்று எழுதியிருந்தேன். அவர்கள் அதைப் படித்துவிட்டு, "இது நேத்துதான் பழுதாச்சா?" என்று கேட்டார்கள்.

இல்லை என்றேன். எட்டு மாதம் என்றேன். அவர்கள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். ஒவ்வொரு நாளும் என் எழுத்தில் 'நன்று', அதற்குக் கீழே அவர்கள் கையெழுத்து. வெகு நேரம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அழுதுவிட்டேன். பழைய தேதியில் திருத்தி எழுதித் தருகிறேன் என்று உளறினேன்.

"வேண்டாண்ணே. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார்கள்.

என் மேல் புகார் எழுதவில்லை. செல்லையனின் மனைவி வந்து அழுதபோது, விழுந்த உடனேயே நரம்பு போயிருக்கும், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார்கள். நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணைத் தேற்றுவதற்காகச் சொன்னார்களா, எனக்கும் கேட்கட்டும் என்று சொன்னார்களா, உண்மையைத்தான் சொன்னார்களா, தெரியாது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் நான் சோறு தின்றேன்.

செல்ஃப் அந்த வாரமே மாற்றியாகிவிட்டது. ஆனால் டாக்டரம்மா அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வண்டி நல்லா இருக்கா என்று என்னைக் கேட்கவில்லை. காலையில் பதிவேட்டை நீட்டினால் சாவிக்காகக் கையை நீட்டுவார்கள். அவர்களே ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, எஞ்சின் எடுத்ததும் அணைத்துவிட்டு இறங்கி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த வருடம் மாற்றலாகிப் போகிற நாள் வரை இப்படித்தான். என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய தண்டனை அது ஒன்றுதான்.

என் காரின் விஷயத்துக்கு வருகிறேன். கார்பன் மட்டும் மாற்றினால் போதுமா என்று பழையதைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரம் இரண்டுக்கும் கல் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் உட்கார வைத்தேன். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். மறந்தால் ஸ்பேனர் பட்ட இடத்தில் பொறி பறக்கும். செல்ஃபின் ஒயர்கள் எது எங்கே என்று துணி கட்டி அடையாளம் வைத்தேன். மேல் போல்ட்டை நீளக் கம்பி மாட்டி மேலிருந்துதான் எடுக்க முடிந்தது. கீழ் போல்ட்டைப் படுத்துக்கொண்டு கழற்றும்போது ஒரு கை செல்ஃபைத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்திலேயே விழும். உள்ளே பார்த்தால் கார்பன் விரல் நகம் அளவுதான் மிச்சம். அது உரசுகிற செம்பும் பள்ளம் விழுந்து கிடந்தது. புதிதே போட்டுவிடுவது என்று மறுநாள் பஸ் ஏறி நாமக்கல் போய் வாங்கி வந்தேன்.

அதற்கு மறுநாள் காலையில் டிபன் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். புதியதின் பல் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணினேன். காலால் மிதித்துக்கொண்டு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துச் சுற்றிப் பார்த்தேன். அது உட்காருகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன், ஏனென்றால் எர்த் அந்த வழியாகத்தான் போகும். பிறகு தூக்கிப் பொருத்தி, இரண்டு போல்ட்டையும் கையால் பிடிக்க வைத்துவிட்டு முடுக்கினேன். ஒயர்களைப் போட்டு, கடைசியாக நெகட்டிவை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் சத்தம் வருவதற்குள் எஞ்சின் எடுத்துவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது சாதம்கூட வடிக்கவில்லை.

அன்று மத்தியானமே வாசலூர்பட்டிக்குப் போனேன். வழக்கமாக ஏரிக்கு முன்னால் இருக்கும் சரிவில் நிறுத்திவிட்டு நடந்துபோவேன். அன்று ஏரிக்கரைச் சமதரையில், செல்லையனின் கடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். கூட்டம் இல்லை. அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு காரையும் என்னையும் பார்த்தார்.

"ஏனுங்க, வண்டிய இங்கியே நிறுத்திப்போட்டீங்க?"

செல்ஃப் மாற்றிவிட்டேன் என்றேன். நல்லதுங்க என்றார். நான் அவர் பக்கத்தில் இருந்த பெட்டியில் உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டேன். நேராகச் சொன்னேன். அன்றைக்கு அந்த ஜீப்புக்குச் செல்ஃப் எட்டு மாதமாகப் பழுது, தெரிந்தே ஓட்டினேன், டாக்டரம்மாவிடம் மறைத்தேன், அதனால்தான் உருட்ட வேண்டியதாயிற்று என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். "எட்டு மாசமுன்னு தெரியாது. செல்ஃப் இல்லீன்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னீங்களே, நான் அங்கதான படுத்திருந்தேன். காது நல்லாத்தான் கேட்டுச்சு."

இத்தனை வருடமும் என் காரில் ஏறியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விழுந்தபோதே நரம்பு போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை நானே எடுத்துச் சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு அது தேவைப்பட்டது.

செல்லையன் ஏரியைப் பார்த்தார். பிறகு கோபம் இல்லாமல், நடந்ததை நினைத்துப் பார்த்துச் சொல்கிற குரலில் சொன்னார்.

"எனக்கு அதெல்லாம் தெரியலீங்க. கதவுல வெச்சுத் தூக்கியாரப்ப ஓடையில காலு தண்ணியில பட்டுச்சுங்க. குதிகாலு வெறச்சுப்போற குளிரு. கால இழுத்துக்கிட்டேன். அதுதானுங்க கடைசியா என் காலுல நான் கண்டது."

நனைந்து சொட்டிய அந்தக் குதிகால்களை நான் பார்த்திருக்கிறேன். ஜீப்பில் ஏற்றியபோது பார்த்தேன். விழுந்த பிறகும் காலில் உணர்ச்சி இருந்தது டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் தெரிந்திருக்காது. நான் பிடித்துக்கொண்டிருந்த வார்த்தை அந்த இடத்தில் என் கையை விட்டுப் போயிற்று.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மன்னித்திருப்பார், அவர் சுபாவம் அப்படி. அது எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

ஒரு குடும்பம் வந்து அன்னாசி கேட்டது. அவர் நறுக்கிக் கொடுத்து அனுப்பினார். கத்தியைக் கழுவிக்கொண்டே, காரை ஒருமுறை எடுத்துக் காட்டச் சொன்னார். போய் உட்கார்ந்து சாவியைத் தொட்டேன், உடனே எடுத்தது. அணைத்துவிட்டு வந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஏனுங்க, இத மாத்தறதுக்கு எத்தன நேரமாச்சு?"

"காலைல உக்காந்தேன். சோறு ஆக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"ஒரு காலைப்பொழுதுதானுங்களா" என்றார்.

நான் ஆமாம் என்றேன். அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த பழத்தை எடுத்தார்.